ஆட்டம் இல்லாத நாளில் டிடி கார்டன்: பாஸ்டன் உள்ளரங்கமும் அதன் விளையாட்டு அருங்காட்சியகமும்

பாஸ்டனுக்குச் செல்லும் விளையாட்டு ஆர்வலர்கள் டிடி கார்டன் உள்ளரங்கில் ஓர் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கூடைப்பந்தில் செல்டிக்ஸ் அணிக்கும் ஐஸ் ஹாக்கியில் புருயின்ஸ் அணிக்கும் சொந்தக் களமான அந்த அரங்கில் ஆட்டம் பார்ப்பது பேரனுபவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே கட்டடத்தின் ஐந்தாம், ஆறாம் தளங்களில் இயங்கும் விளையாட்டு அருங்காட்சியகத்தை, ஆட்டம் இல்லாத ஒரு நாளில் அவசரமின்றிச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் கீழே நடக்கும் ஆட்டம் முழுமையாகப் புரியும் என்பது என் உறுதியான கருத்து. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அருங்காட்சியகத்தைப் பற்றியதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

போய்ச் சேர்வதில் சிரமம் எதுவும் இல்லை. அரங்கம் நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் மேலேயே எழுப்பப்பட்டிருப்பதால், வடபுறத்துப் புறநகர் ரயில்களும், நகர ரயிலின் பச்சை, ஆரஞ்சுத் தடங்களும், மேய்ன் மாநிலத்துக்குச் செல்லும் ஆம்ட்ராக் ரயிலும் வாசலிலேயே இறக்கிவிடுகின்றன. உள்ளே நுழைவதற்கு முன் வெளியில் நிற்கும் புருயின்ஸ் வீரர் பாபி ஓரின் வெண்கலச் சிலையைப் பார்த்துவிட வேண்டும். 1970 மே 10 அன்று, செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு எதிரான, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் வாகைக்குரிய ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டத்தில், கூடுதல் நேரம் தொடங்கி 40 விநாடிகளே ஆகியிருந்தபோது அவர் ஒரு கோல் அடித்தார். அடித்த கணத்திலேயே எதிரணித் தடுப்பாட்டக்காரர் காலை இடறிவிட, கைகளை உயர்த்தியபடி அவருடைய உடல் பனித்தரைக்கு மேலே கிடைமட்டமாகப் பறந்தது. 29 ஆண்டுகள் கோப்பையே காணாதிருந்த புருயின்ஸுக்கு அந்தக் கோல் கோப்பையைக் கொண்டுவந்தது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2010 மே 10 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையும் அவரைப் பறக்கும் நிலையிலேயே வடித்திருக்கிறது. ஐஸ் ஹாக்கியைப் பார்த்தே இராதவர்கள்கூட அந்த விளையாட்டின் வேகத்தை அந்தச் சிலையில் உணர்ந்துகொள்ளலாம்.

அருங்காட்சியகத்தில் காணக்கிடைக்கும் சிறந்த பொருள்கள் பலவும் இன்றைய அரங்கத்தைச் சேர்ந்தவை அல்ல. அதற்கு முன்னால் இருந்து இடிக்கப்பட்ட பாஸ்டன் கார்டன் என்னும் பழைய அரங்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே அந்தப் பழைய கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திப் பெயர்பெற்ற டெக்ஸ் ரிக்கார்ட் அதைக் கட்டினார். 1928 நவம்பர் 17 அன்று அது திறக்கப்பட்டது. குத்துச்சண்டையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டதால், மாடங்கள் செங்குத்தாக, களத்தின் மேல் கவிந்தாற்போல அமைந்தன. வீரரின் நெற்றி வேர்வை பார்வையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். கூடைப்பந்தும் ஹாக்கியும் அங்கே வந்தபோது, அந்த நெருக்கம் எதிரணிகளுக்குப் பெரும் அச்சமாக மாறியது. ஹாக்கித் தளம் அக்காலத்து வழக்கமான 200 அடிக்கு 85 அடி என்ற அளவைவிடச் சிறியதாக, 191 அடிக்கு 83 அடியாக இருந்தது. தூண்கள் மறைக்கும் இருக்கைகள் இருந்தன. குளிர்சாதன வசதி கிடையாது. 1984 ஜூன் மாதம் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான கூடைப்பந்து இறுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில் அரங்கின் உள்ளே வெப்பம் 97 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. எதிரணியின் நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் ஓரத்தில் அமர்ந்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1988 மே மாதம் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றில் மின்சாரம் போய், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போதே கைவிடப்பட்டது.

குறைகள் இத்தனை இருந்தும் பாஸ்டன் மக்கள் அந்தக் கட்டடத்தை நேசித்தார்கள். அது விளையாட்டுக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1960இல் அதிபர் தேர்தலுக்கு முந்தைய இரவில் ஜான் கென்னடி அங்கேதான் பேசினார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, பாடகர் ஜேம்ஸ் பிரவுன் அங்கே பாடியதைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பி, மக்களை வீட்டிலேயே இருக்கச் செய்து, நகரம் அமைதி காத்தது. இன்றைய அரங்கம் அந்தப் பழைய கட்டடத்துக்குச் சில அங்குல இடைவெளியில், அதன் பின்புறத்திலேயே கட்டப்பட்டு, 1995 செப்டம்பர் 30 அன்று ஃபிளீட் சென்டர் என்ற பெயரில் திறக்கப்பட்டது. பழையது 1998இல் மறைந்தது. அது நின்ற மனையில் இப்போது கடைகளும் உணவகங்களும் அலுவலகங்களும் கொண்ட வளாகம் எழுந்துவிட்டது. புதிய அரங்கத்தின் பெயரை வங்கிகள் மாற்றிக்கொண்டே வந்தன. 2009 முதல் டிடி கார்டன் என்று வழங்குகிறது. ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே அது வெறும் ‘கார்டன்’தான்.

அருங்காட்சியகம் 1977இல் தொடங்கப்பட்ட தனி நிறுவனம்; வேறு இடங்களில் இருந்து பிறகுதான் இந்த அரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கென்று தனிக் கூடங்கள் இல்லை. சொகுசு அறைகளுக்குச் செல்லும் நடைவழிகளே காட்சிக்கூடமாக அமைந்துள்ளன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய அரை மைல் தூரம் நடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஓர் அழகும் ஒரு குறையும் உண்டு. அரங்கத்தைச் சுற்றி வளைந்து செல்லும் பாதையில் நடக்கும்போது, சுவரின் ஒரு பக்கம் கடந்தகாலமும், மறுபக்கம் சில அடி தள்ளி அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் களமும் இருப்பதை மனம் உணர்ந்துகொண்டே வருகிறது. வேறு கட்டடத்தில் இதே பொருள்களை வைத்திருந்தால் இந்த உணர்வு கிடைத்திருக்காது. குறை என்னவென்றால், ஆட்ட நாள்களில் அந்த நடைவழிகள் விலை உயர்ந்த இருக்கைக்காரர்களுக்கு உரியவை. மேல் மாடத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய சாதாரண ரசிகர் அருங்காட்சியகத்தைத் தாண்டி மேலே போய்விடுகிறார். நகரத்தின் விளையாட்டு நினைவுகளை அதிகம் சுமந்திருப்பவர் அவர்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

காட்சிப் பொருள்களில் என்னை முதலில் நிறுத்தியது பழைய கார்டனில் இருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பெனால்டி பாக்ஸ். ஐஸ் ஹாக்கியில் விதி மீறிய வீரர் சிறு குற்றத்துக்கு இரண்டு நிமிடமும் பெரிய குற்றத்துக்கு ஐந்து நிமிடமும் களத்தை விட்டு வெளியேறி இந்த அடைப்புக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பார்வையாளர்கள் அதில் அமர்ந்து பார்க்கலாம். தேய்ந்த பலகையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது, ரசிகர் கூட்டம் எவ்வளவு அருகில் இருந்திருக்கும் என்பதும், தவறு செய்தவன் தன் அணி தனக்காகத் திணறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டிய வேதனையும் ஒருசேரப் புரிகின்றன. விதிப் புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் இந்தப் புரிதல் வராது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லாமல், உட்காரச் சொன்னவர்களின் முடிவை மனமாரப் பாராட்டுகிறேன். பழைய அரங்கின் மர இருக்கைகளையும் இங்கே காணலாம். அக்கால மனிதர்கள் எவ்வளவு குறுகிய இடத்தில் அமர்ந்து மூன்று மணி நேரம் கத்தினார்கள் என்பதற்கு அவையே சான்று.

அடுத்து, ஆர்மண்ட் லாமொன்டேன் என்ற சிற்பி மரத்தில் செதுக்கிய ஆளுயரச் சிலைகள். கூடைப்பந்து வீரர் லாரி பேர்ட், ஹாக்கி வீரர் பாபி ஓர், பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் ஆகியோரை அவர் மரத்திலிருந்து எடுத்துத் தந்திருக்கிறார். தொலைவிலிருந்து பார்த்தால் மெழுகுச் சிலை என்று நினைத்துவிடுவோம். அருகில் சென்று பார்த்தால்தான் காலணியின் கயிறும், சட்டையின் மடிப்பும், முழங்கை நரம்பும் உளியால் பிறந்தவை என்பது தெரிகிறது. பேர்ட் 6 அடி 9 அங்குல உயரம் கொண்டவர். தொலைக்காட்சியில் அவரைப் போன்ற உயரமுள்ளவர்களுக்கு நடுவிலேயே பார்த்துப் பழகியதால் அந்த உயரத்தின் பொருள் நமக்குத் தெரிவதில்லை. சிலையின் அருகில் போய் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான், அப்படிப்பட்ட உடலை வைத்துக்கொண்டு அத்தனை நுட்பமாகப் பந்தைக் கைமாற்றியது எவ்வளவு பெரிய திறமை என்று வியக்கத் தோன்றுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தச் சிலைகளின் முன் நேரம் செலவிட வேண்டும். வேறு எதையும் விளக்காமலேயே அவர்களுக்கு இவை பிடித்துவிடும்.

மரம் என்றதும் செல்டிக்ஸின் ஆடுதளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கூடைப்பந்துத் தளங்கள் பொதுவாக நீளப் பலகைகளால் ஆனவை. செல்டிக்ஸின் தளமோ சிறு துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிச் சதுரங்களாக அடுக்கியது. அழகுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை. 1946இல் அணி தொடங்கப்பட்டபோது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய மரத் தட்டுப்பாட்டில் நீளப் பலகைகள் கிடைக்கவில்லை. கிடைத்த ஓக் மரத் துண்டுகளை வைத்தே 11,000 டாலர் செலவில் தளத்தை அமைத்தார்கள். 1952இல் அது பழைய கார்டனுக்கு வந்தது, புதிய அரங்கத்துக்கும் கூடவே வந்தது, 1999 டிசம்பர் வரை ஆட்டக்காரர்களின் கால்களைத் தாங்கியது. அதன்பிறகு போடப்பட்ட தளமும் அதே சதுரக் கோலத்தையே கொண்டிருக்கிறது. வறுமையில் பிறந்த ஒரு வடிவத்தை, வளம் வந்த பிறகும் மாற்ற மறுத்தார்கள். பழைய தளத்தில் பந்து சரியாக எழும்பாத இடங்கள் எங்கெங்கே என்று செல்டிக்ஸ் வீரர்களுக்கு மட்டும் தெரியும், எதிரணிக்காரரை அங்கே தள்ளிக்கொண்டுபோய்ப் பந்தைப் பறிப்பார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. உண்மையோ இல்லையோ, அந்த மரத் துண்டுகளின் பொருத்துகளைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பத் தோன்றுகிறது.

இந்த இடத்தைப் பற்றி நான் எழுதத் துணிந்ததற்கு முதன்மையான காரணம் பில் ரஸ்ஸல். 13 பருவங்களில் 11 முறை செல்டிக்ஸை வாகை சூட வைத்தவர் அவர். அவற்றில் கடைசி இரண்டு முறை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர இருந்தார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவில் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. ஆனால் பாஸ்டன் புறநகரில் இருந்த அவருடைய வீட்டுக்குள் புகுந்து, பொருள்களை நாசம் செய்து, சுவர்களில் இனவெறிச் சொற்களை எழுதிவிட்டுப் போனார்கள். களத்தில் கைதட்டும் நகரம் தெருவில் தன்னை எப்படி நடத்துகிறது என்பதை அவர் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. 1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டைக்கு, இனி வேறு யாரும் அணியாதபடி ஓய்வு கொடுத்து உத்தரத்தில் ஏற்ற அணி முன்வந்தபோது, ரசிகர்களை உள்ளே விடுவதற்கு முன்பே, உடன் ஆடியவர்கள் மட்டும் சூழ, வெற்று அரங்கில் அதைச் செய்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார்; அப்படியே நடந்தது. 27 ஆண்டுகள் கழித்து, 1999 மே மாதம், புதிய அரங்கில் நிறைந்த கூட்டத்தின் நடுவே அந்த விழாவை மறுபடி நடத்தினார்கள். எழுந்து நின்ற மக்கள் கைதட்டலை நிறுத்தவே இல்லை. 2022இல் அவர் மறைந்த பிறகு, என்பிஏவின் எல்லா அணிகளிலும் 6ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. அச்சங்கத்தின் வரலாற்றில் அந்தப் பெருமை முதலில் அவருக்கே வாய்த்தது. ஆளில்லாத அரங்கத்தை நடைவழியிலிருந்து எட்டிப் பார்த்தபோது என் நினைவில் நின்றது 1972ஆம் ஆண்டின் அந்த விழாதான். ஆட்ட நாளின் ஆரவாரத்தில் இந்த எண்ணமே எழுந்திருக்காது.

இதே நகரத்தின் செல்டிக்ஸ்தான் 1950இல் சக் கூப்பரைத் தேர்ந்தெடுத்து, என்பிஏ அணி ஒன்று புதிய வீரர்களுக்கான தேர்வுச் சுற்றில் எடுத்த முதல் கறுப்பின வீரர் என்ற பெருமையை அவருக்குத் தந்தது. புருயின்ஸ் சட்டை அணிந்துதான் வில்லி ஓரீ 1958 ஜனவரி 18 அன்று வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அவருக்கு வலக்கண் பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிருந்தது என்பதை அப்போது அணி அறியாது. அவருடைய 22ஆம் எண் உத்தரத்துக்கு ஏறியதோ 2022 ஜனவரி 18 அன்றுதான். பெருமையும் அவமானமும் ஒரே கூரைக்கடியில் இருப்பதை அறிந்து சுற்றிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சிக்கூடம் இரு மடங்கு பொருள் தரும்.

ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, பேட்ரியட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி, 1897 முதல் நடந்துவரும் பாஸ்டன் மாரத்தான், குத்துச்சண்டை, கல்லூரி விளையாட்டுகள் என்று மற்றவற்றுக்கும் இடம் உண்டு. பேஸ்பால் பரிச்சயம் இல்லாதவர்கள் அப்பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். மாரத்தான் பகுதியை மட்டும் தவறவிட வேண்டாம்.

இனி அரங்கத்தைப் பற்றி. கூடைப்பந்துக்கு 19,000க்கும் சற்று அதிகமானோரும், ஹாக்கிக்கு அதைவிடச் சற்றுக் குறைவானோரும் அமரக்கூடிய கிண்ண வடிவ அரங்கு இது. உத்தரத்தில் தொங்கும் பதாகைகளை முதலில் எண்ணிப் பார்க்கத் தோன்றும். செல்டிக்ஸ் அணி முழு வாகை சூடிய ஆண்டுகளுக்கு மட்டுமே பதாகை ஏற்றும்; பிரிவு அளவிலான வெற்றிகளுக்கு அங்கே இடமில்லை. இப்போது பதினெட்டு இருக்கின்றன. கடைசியானது 2024 ஜூன் மாதம் டல்லாஸ் அணியை இதே களத்தில் வென்றதற்கானது. புருயின்ஸுக்கு ஆறு ஸ்டான்லி கோப்பைகள். அண்மையது 2011இல் வந்தது. 2004ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்ததும், அதுவரை நாடறியாத பராக் ஒபாமா தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியதும் இங்கேதான்.

ஒரே களத்தில் பனியும் மரமும் எப்படி மாறி மாறி வருகின்றன என்பது பலருக்கும் எழும் கேள்வி. ஹாக்கிப் பருவம் முழுவதும் பனித்தளம் உருக்கப்படுவதில்லை. அதன் மேல் குளிர் கடத்தாத பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் மரத்தளத்தின் 247 சதுரங்களையும் வரிசை மாறாமல் பொருத்திப் பூட்டிவிடுகிறார்கள். பகலில் ஹாக்கி, இரவில் கூடைப்பந்து என்று ஒரே நாளில் இரண்டும் நடக்கும்போது சில மணி நேரத்துக்குள் இந்த வேலை முழுவதும் முடிந்தாக வேண்டும். அதைச் செய்யும் தொழிலாளர் குழுவைப் ‘புல் கேங்’ என்று அழைக்கிறார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தால் விட்டுவிடாதீர்கள். ஆட்டத்துக்கு இணையான ஒழுங்கும் வேகமும் அதில் உண்டு.

அரங்கம் என்ற அளவில் என் மதிப்பீடு சற்றுக் கலந்ததுதான். நுழைவழிகளும் நகரும் படிக்கட்டுகளும் பெருங்கூட்டத்தைத் தாங்கும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளன. எந்த இருக்கையிலிருந்தும் தூண் மறைப்பதில்லை. ஆனால் கீழ்த்தட்டுக்கும் மேல் மாடத்துக்கும் நடுவே சொகுசு அறைகளின் அடுக்கு புகுந்துவிட்டதால், மேலே இருப்பவருக்குக் களம் வெகு தொலைவாகிவிட்டது. பழைய கார்டனின் குறைகளை நீக்கியவர்கள் அதன் நெருக்கத்தையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். 2019இல் இருக்கைகள் புதுப்பிக்கப்பட்டபோது அவை முன்பைவிடக் குறுகலாகிவிட்டன என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே குறைபட்டார்கள். மேல் மாடத்தின் படிகள் செங்குத்தானவை. முதியவர்களை அழைத்துச் செல்வோர் மாடத்தின் கீழ் வரிசைகளிலோ கீழ்த்தட்டிலோ இடம் பார்ப்பது நல்லது.

அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை, வழிகாட்டியின் துணையுடன் சுற்றுவதையே பரிந்துரைக்கிறேன். காட்சிகள் பெரும்பாலும் அணி வாரியாகவும் விளையாட்டு வாரியாகவும் அமைந்திருப்பதால், அந்த அணிகளின் வரலாறு தெரியாதவருக்குச் சட்டைகளும் மட்டைகளும் படங்களும் அடுத்தடுத்து வந்துபோகும் பொருள்களாகவே நின்றுவிடலாம். பழைய கார்டனை நேரில் அறிந்த ஒருவர் உடன்வந்து சொல்லும்போது அதே பொருள்கள் பேசத் தொடங்குகின்றன. கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அவசியம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரு அணிகளின் சொந்தக் களத்து ஆட்டங்கள் மட்டுமே வழக்கமான பருவத்தில் எண்பதைத் தாண்டுகின்றன. அவற்றோடு இசை நிகழ்ச்சிகளும் சேர்ந்துகொள்ள, அருங்காட்சியகம் மூடப்படும் நாள்கள் குறைவல்ல. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் போகிறவர்கள் இரண்டு நாள்களாகப் பிரித்துத் திட்டமிடலாம். ஆட்ட நாளில் கைப்பைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. உள்ளங்கை அளவு பணப்பைக்கு மேல் எதையும் எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது. தொழில்முறை ஆட்டங்களுக்கு நுழைவுச்சீட்டு கிடைக்காதவர்கள், பிப்ரவரி மாதத் திங்கட்கிழமைகளில் பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கும் மோதும் ‘பீன்பாட்’ ஹாக்கித் தொடருக்கு முயன்று பார்க்கலாம். 1952 முதல் நடந்துவரும் அந்தத் தொடரில் மாணவர்கள் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்டால், பழைய கார்டனைப் பற்றி வழிகாட்டி சொன்னவற்றில் மிகை எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்வீர்கள்.